லிஸ்ட்ல ரெண்டு ஆண்டிச்சாமி

அந்த போன் வந்தப்ப இசைவாணி ஆபீஸ்ல மத்தியானச் சோத்துக்கு ஒக்காந்திருந்தா. எலுமிச்சங்கா சாதம், அப்பளம். அம்மா முனியாயி இந்நேரத்துக்குக் கூப்புடவே மாட்டா. வேலை பாக்குற எடத்துல மகளுக்கு போன் பண்ணா மொதலாளி வைவாகன்னு அவளா ஒரு நெனப்பு வச்சிருந்தா. அதுனால போன்ல அம்மா பேரப் பாத்ததுமே இசை எடது கையாலயே சட்டுனு எடுத்தா.

"ஏய், நம்ம ஆண்டிச்சாமி மாமாவ மதுரை ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காகடி. காலையில எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. வாயோரம் நொரை. சக்கரை அம்புட்டும் எறங்கிப் போச்சுன்னு டாக்டர் சொல்றாகளாம்."

"எறங்கிருச்சா? அவருக்குச் சக்கரையே லேசாத்தானம்மா இருந்துச்சு?"

"அதத்தான் நானும் சொல்றேன். அரை மாத்திரை திண்டுக்கிட்டிருந்த மனுசன். சக்கரை பாக்க வர்றாளே, அந்த மலையம்மா வந்து காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டுன்னு அள்ளிக் குடுத்துட்டுப் போயிருக்கா. வேணும்னே குடுத்துட்டாடி. நம்ம ஆளுகன்னா அவுகளுக்கு எளக்காரம்தான?"

இசை போனக் கீழ வச்சா. சோத்துல இருந்த கை அப்பிடியே நின்னுபோச்சு. எதுத்தாப்புல ஒக்காந்திருந்த வித்யாஸ்ரீ, "என்னடி, பேயறஞ்ச மாதிரி இருக்க?"ன்னு கேட்டா. "ஒண்ணுமில்லக்கா, ஊருல ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயி கை கழுவுனா. என்ன நடந்திருக்கும்னு அவ யோசிக்கவே வேண்டியதில்ல. அவளுக்குத் தெரியும்.

இசைக்கு வயசு பத்தொம்பது. எழுமலைக்கு அங்கிட்டு ஒரு ஊரு. பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் படிச்சிட்டு, யூடியூப்பப் பாத்துப் பாத்தே டிசைன் கத்துக்கிட்டு, மூணு மாசம் முன்னாடிதான் இங்க சேந்தா. மதுரை விளாங்குடியில திண்டுக்கல் ரோட்டு மேல, கீழ டைல்ஸ் கடை, மாடியில கம்பெனி. மொத்தமே ஒம்பது பேரு. ஆசுபத்திரிகளுக்கு ஆப் செஞ்சு குடுக்குறது தொழிலு. மொதலாளி ஹரிஷ்குமார். வித்யாஸ்ரீ அவருக்குச் சித்தப்பா மக, டிசைன்ல இசைக்கு மேல இருக்குறவ. ரெண்டு பேரும் சௌராஷ்டிராக் குடும்பம். மத்தவுகளுக்குத் தெரிய வேணாம்னு நெனைக்கிறத அவுக வீட்டுப் பாசையில பேசிக்கிருவாக.

வேலை கெடச்ச அன்னைக்கு முனியாயி கேட்டா, "டிசைனுன்னா என்னத்தடி, கோலம் போடுறதா?"

"இல்லம்மா. போன்ல எந்த பட்டன் எங்க இருக்கணும், எந்த எழுத்து எம்புட்டு பெருசா இருக்கணும்னு முடிவு பண்றது."

"இதுக்குப் போயி சம்பளம் தாராகளா? நல்ல ஏமாந்த ஆளுகளாத்தான் இருக்காக."

அப்பிடிச் சொன்னாலும் அன்னைக்குத் தெருவே கேக்குற மாதிரி பேசிக்கிட்டுத் திரிஞ்சா முனியாயி. அந்தத் தெருவுல ஏசி ரூம்ல ஒக்காந்து சம்பளம் வாங்குற மொத பிள்ள இசைதான்.

இன்டர்வியூல ஹரிஷ் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "உங்க ஊர்ல ஒருத்தர் ராத்திரி மாத்திரைய மறக்காம சாப்புட என்ன பண்ணுவாரு?" இசை யோசிக்காமச் சொன்னா: "தண்ணி குடிக்கிற டம்ளருக்குள்ள மாத்திரையப் போட்டுக் கவுத்தி வைப்பாக சார். படுக்கும்போது தண்ணிக்கு டம்ளர எடுத்தாகன்னா மாத்திரை கீழ விழும்." சார் சிரிச்சிட்டாரு. "இத எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. திங்கக்கிழமை வந்துரும்மா"ன்னாரு.

சேந்த ரெண்டாவது வாரமே பெரிய வேலையாக் குடுத்தாக. ஒரு தர்ம ஆசுபத்திரி, உசிலம்பட்டி, எழுமலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு ஆளனுப்பி சுகரும் பிரஷரும் பாக்குது. அந்த ஆளுக கையில அகலமான போன் மாதிரி ஒரு டேப் இருக்கும். வீட்டுக்குப் போயி, விரல்ல குத்தி, வர்ற நம்பர டேப்புல போடுவாக. மதுரையில ஒக்காந்திருக்குற டாக்டர் அதப் பாத்து, மாத்திரையக் கூட்டவோ கொறைக்கவோ செய்வாக. அடுத்த தடவ போகும்போது யாருக்கு எத்தன மாத்திரைன்னு டேப்பே சொல்லும். அந்த டேப்புல மொதல்ல வர்ற லிஸ்ட்ட மாத்தணும். பழைய லிஸ்ட்ல பொடிப்பொடியா பேரு, வயசு, தெரு, கடைசியாப் பாத்த தேதின்னு எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்துச்சு. "ரேசன் கடை நோட்டு மாதிரி இருக்கு. கண்ணுக்கு லட்சணமா பண்ணு பாக்கலாம்"னு வித்யா சொல்லிட்டுப் போயிட்டா.

இசை அந்த லிஸ்ட்டத் தொறந்தா. அவ ஊரும் அதுல இருந்துச்சு. கீழ தள்ளிக்கிட்டே போனா.

முனியாயி. 47. காலனித் தெரு.

அவ அம்மா. அம்மா பேருக்கு நேரா அந்த ரெண்டு வார்த்தை. மேலயும் கீழயும் ஊருத்தெரு, கம்மாக்கரைத் தெரு, காலனித் தெருன்னு மாறி மாறி வந்துச்சு. எந்தத் தெருன்னு பாத்தா எந்தச் சனம்னு தெரிஞ்சு போகும். அது அந்தப் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஹரிஷ் சார் பின்னாடி வந்து நின்னாரு. "அட, உங்க ஊரும் இதுல இருக்குல்ல? உங்க வீட்டு ஆளுங்க பேரு யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல சார்"னா இசை. சொல்லிக்கிட்டே லிஸ்ட்ட மேல தள்ளிட்டா.

அவரு சும்மாதான் கேட்டாரு. ஆனா இசைக்கு பாலிடெக்னிக் ஹாஸ்டல் ஞாபகம் வந்துருச்சு. மொத வருசம் ரூம்ல ஒருத்தி இருந்தா, ஒரே தட்டுல திம்பாக, ஒருத்தி சுடிதார ஒருத்தி போடுவாக. லீவுல அவ இசைய ஊருல கொண்டாந்து விட்டுட்டு, எறங்குற தெருவப் பாத்துட்டுப் போனா. லீவு முடிஞ்சு வந்ததும் தட்டு தனியாயிருச்சு. ஒரு வார்த்தை சொல்லல, சண்டை போடல. தட்டு மட்டும் தனியாயிருச்சு.

இந்த ஆபீஸ்ல மத்தியானம் எல்லாரும் டப்பாவ நடுவுல வச்சுத்தான் சாப்புடுவாக. வித்யா அவ புளியோதரைய இசை டப்பாவுக்குள்ள அள்ளிப் போடுவா. அடுத்த வாரம் இந்த லிஸ்ட்டப் பெரிய டிவியில போட்டு எல்லாரும் பாப்பாக. வேலைக்குச் சேரும்போது எழுதிக் குடுத்த பாரத்துல அம்மா பேரு முனியாயின்னு இருக்கு.

இசை தெருவ எடுத்துட்டா. பேரு, வயசு, கடைசித் தேதி. பேருக்குப் பக்கத்துல வட்டமா கலர் போட்டு அதுக்குள்ள மொத எழுத்து. எழுத்தெல்லாம் பெருசா, எடம் விட்டு, பாக்கவே அம்சமா இருந்துச்சு.

"தெரு எங்க?"ன்னு வித்யா கேட்டா.

"பேரத் தொட்டா உள்ள வரும்க்கா. வெளிய தெரிஞ்சா... பக்கத்துல நிக்கிற ஆளு பாக்கலாம்ல? பிரைவசி."

வித்யா ஹரிஷக் கூப்புட்டுக் காட்டுனா. மறுநாள் காலையில எல்லாரும் நிக்கும்போது சார் சொன்னாரு, "சேந்து பதினஞ்சு நாள்தான் ஆச்சு. பிரைவசின்னு யோசிச்சிருக்கா பாருங்க. நம்ம யாருக்காச்சும் தோணுச்சா?" எல்லாரும் கை தட்டுனாக. இசைக்குக் காதெல்லாம் சுட்டுச்சு. பொய்யி சொல்லி கைதட்டு வாங்குறது அவளுக்கு அதுதான் மொத தடவ.

புது லிஸ்ட் டேப்புக்குப் போயி நாலு நாள்ல ஒரு போன் வந்துச்சு. சந்தேகம் கேக்குறவுகளுக்குன்னு ஆபீஸ்ல ஒரு ஹெல்ப் போன் உண்டு, அத ஆளுக்கு ஒரு நாளுன்னு முறை வச்சு எடுப்பாக. அன்னைக்கு இசை முறை.

"ஏம்மா, மலையம்மா பேசுறேன், எழுமலைப் பக்கத்துல சுகர் பாக்குறவ. புதுசா மாத்திப்புட்டீகளே, தெருவ எங்க காணோம்?"

இசைக்குக் குரல் தெரிஞ்சிருச்சு. மலையம்மாளும் அதே ஊருதான், ஊருத்தெருக்காரி. நாப்பத்தஞ்சு வயசிருக்கும். முன்னால வந்த ஆளெல்லாம் காலனி முக்குலயே நின்னுக்கிட்டு, எல்லாரையும் அங்க வரச் சொல்லித்தான் விரல் குத்துவானுக. இந்த அம்மா ஒரு ஆளுதான் வீடு வீடா உள்ள வந்து தரையில சம்மணம் போட்டு ஒக்காந்துச்சு. தண்ணி வாங்கிக் குடிச்சுச்சு. அத முனியாயி ரெண்டு நாளாச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போனா.

"உள்ள இருக்குக்கா. பேரத் தொடுங்க, வரும்"னா இசை, குரலக் கொஞ்சம் மாத்தி.

"உள்ள போனா சுத்திக்கிட்டே கெடக்குதும்மா. இங்க டவர் எங்கிட்டு இருக்கு? ஒரு நாளைக்கு நாப்பது வீடு பாக்கணும் நானு. இந்த ஊருல எத்தன ஆண்டிச்சாமி, எத்தன விருமாண்டின்னு ஒனக்குத் தெரியுமா? எவனக் கேட்டாலும் வயசு அறுவதும்பான். வட்டத்துக்குள்ள ஒரு 'ஆ'ன்னா போட்டு வச்சிருக்கீக. அத வச்சு நான் நாக்கா வழிக்க?"

"அடுத்த தடவ போட்டோ வருதுக்கா."

"அடுத்த தடவ வரட்டும். இப்பத் தெருவப் போடச் சொல்லு, புண்ணியமாப் போகும்."

"சொல்றேன்க்கா."

ஹெல்ப் போன்ல யாரு என்ன சொன்னாலும் ஒரு ஷீட்ல எழுதணும். சார் வாரம் ஒருக்கா அதப் படிப்பாரு. இசை ஷீட்டத் தொறந்தா. தேதியப் போட்டா. மலையம்மாள்னு எழுதுனா. அப்பறம் அந்த வரிய அழிச்சிட்டு மூடிட்டா. எழுதியிருந்தா சார் தெருவத் திருப்பிப் போடச் சொல்லியிருப்பாரு. அடுத்து டிவியில காட்டுற அன்னைக்கு அம்மா பேரு தெருவோட வந்திருக்கும்.

அம்புட்டுத்தான் நடந்துச்சு. ஒரு வரிய அழிச்சா.

ஆண்டிச்சாமி மாமா ஆசுபத்திரிக்கு வந்த ரெண்டாம் நாளு ஹரிஷ் சார் டேப்புல நடந்தது எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டு வெளிய வந்தாரு. "அப்பாடா. நம்ம மேல ஒண்ணுமில்ல"ன்னாரு. ஊருத்தெருவுல ஒரு ஆண்டிச்சாமி, அறுவது. காலனியில ஒரு ஆண்டிச்சாமி, அதுவும் அறுவது. லிஸ்ட்ல ரெண்டும் மேலயும் கீழயும். ஊருத்தெரு ஆளுக்குச் சக்கரை நானூத்தி பன்னெண்டு. மலையம்மாள் அத எழுதுறப்ப காலனி ஆண்டிச்சாமியத் தொட்டிருக்கா. மதுரையில டாக்டர் நானூத்தி பன்னெண்டப் பாத்து மாத்திரைய ஏத்திட்டாக. டேப்பு சொன்னத நம்பி மலையம்மாள் குடுத்துட்டா. மலையம்மாள் சொன்னத நம்பி மாமா திண்டுட்டாரு.

"ஆப் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆளுதான் தப்பாத் தொட்டிருக்காங்க"ன்னா வித்யா.

"வெள்ளிக்கிழமை ஆசுபத்திரிக்காரங்களோட மீட்டிங். இசை, உன் ஸ்க்ரீன்தான, நீயே ரெண்டு ஸ்லைடு போட்டுரு. மொத ஸ்லைடு என்ன நடந்துச்சு. ரெண்டாவது, பயன்படுத்துனவங்க தவறு, அவங்களுக்குப் பயிற்சி தேவை. முடிஞ்சுச்சு."

"சார்... ரெண்டு பேரும் ஒண்ணு போலவே தெரிஞ்சா, அது அவங்க தப்பா சார்?"

ஹரிஷ் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. கெட்ட மனுசன் இல்ல. யாரையும் அதட்டிப் பேசி இசை பாத்ததில்ல. "இங்க பாரு, புதுசுல எல்லாருக்கும் இப்பிடித்தான் பதறும். இந்த ஒரு ஆசுபத்திரிய நம்பித்தான் ஒம்பது பேரு சோறு சாப்புடுறோம். நீ எழுது."

இசை எழுதுனா. எழுத்து பெருசா, எடம் விட்டு, அம்சமா எழுதுனா. மலையம்மாள் பேரு ரெண்டு எடத்துல வந்துச்சு.

வியாழக்கிழமை முனியாயி மறுபடியும் கூப்புட்டா. "மாமா கண்ணத் தொறந்துட்டாருடி. ஆனா ஆளத் தெரியல. கட்டுன பொண்டாட்டி இருளாயியப் பாத்து 'நீ யாரும்மா'ங்கிறாராம். பொழச்சும் பொழைக்காமக் கெடக்காரு." அதோட விடல. "நம்ம பயலுக மலையம்மா வீட்டு வாசல்ல போயி நின்னு கத்திட்டு வந்துட்டானுக. அவுக தெருவுல அதுக்கு மேல பேசுறாகளாம். 'ஒன்னைய யாரு அவுக வீட்டுக்குள்ள போயி ஒக்காரச் சொன்னது, தண்ணி வாங்கிக் குடிச்சேல்ல, அனுபவி'ன்னு. ஞாயித்துக்கெழம நம்ம லோடு ஆட்டோ சிவனாண்டி போலீஸ் ஸ்டேசன்ல அவ மேல எழுதிக் குடுக்கப் போறான். வேணும்னே மருந்த மாத்திக் குடுத்தான்னு."

"வேணும்னே குடுக்கலம்மா."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

இசை போன வச்சுட்டா.

வெள்ளிக்கெழம மீட்டிங் பெரிய டிவியில. அந்தப் பக்கம் ஆசுபத்திரி டாக்டர் சாரதாம்பாள், இன்னும் மூணு பேரு. ஓரத்துல ஒரு நாற்காலியில மலையம்மாள். சேலைத் தலைப்ப இழுத்துப் போத்திக்கிட்டு, யாரையும் பாக்காம, கீழயே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. இங்கிட்டு ஹரிஷ், வித்யா, இசை.

மொத ஸ்லைடப் படிச்சா இசை. குரல் நடுங்கல, அவளுக்கே ஆச்சரியமா இருந்துச்சு. ரெண்டாவது ஸ்லைடு வந்துச்சு. "பயன்படுத்தியவரின்..."னு ஆரம்பிச்சா. அப்பறம் வாய் ஓடல. டிவி ஓரத்துல மலையம்மாள் தன் பேரு அம்புட்டு பெருசா எழுதியிருக்குறதப் பாத்துக்கிட்டு இருந்தா. வையவும் இல்ல, அழவும் இல்ல, சும்மா பாத்துக்கிட்டே இருந்தா.

"டாக்டர், இவங்க போன் பண்ணுனாங்க"ன்னா இசை. "தெருவக் காணோம், ஆளு மாறிப் போகும்னு போன் பண்ணிச் சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். நான் யாருகிட்டயும் சொல்லல. ஷீட்ல எழுதிட்டு அழிச்சிட்டேன். தெருவ எடுத்ததும் நான்தான்."

ஹரிஷ் சட்டுனு குறுக்க வந்தாரு. "பிரைவசிக்காக டாக்டர். நல்ல எண்ணத்துல பண்ணது."

அங்கயே நிறுத்தியிருக்கலாம். சாரே ஏணிய எடுத்துப் போட்டாரு, ஏறிப் போயிருக்கலாம்.

"பிரைவசி இல்ல டாக்டர். எங்கம்மா பேரும் அந்த லிஸ்ட்ல இருக்கு."

டாக்டருக்குப் புரியல. "இருந்தா என்னம்மா?"

மலையம்மாளுக்குப் புரிஞ்சிருச்சு. அவ அப்பத்தான் தலையத் தூக்குனா.

இசைக்கு அதுக்கு மேல வார்த்தை வரல. "பேசிட்டு சாயங்காலம் கூப்புடுறோம்"னு ஹரிஷ் டிவிய அமத்துனாரு. அப்பறம் அவரும் வித்யாவும் சௌராஷ்டிராவுல பேசிக்கிட்டாக. வெரசா, பைய, மாத்தி மாத்தி. இசைக்கு அந்தப் பாசை ஒரு எழுத்து தெரியாது. அவ பேரு மட்டும் ரெண்டு தடவ காதுல விழுந்துச்சு. வித்யா இவ மூஞ்சியப் பாக்காம சன்னலப் பாத்துக்கிட்டு நின்னா.

கடைசியா ஹரிஷ் தமிழுக்கு வந்தாரு. "தெருவப் பாத்தா நாங்க என்ன பண்ணிருவோம்னு நெனச்ச இசை?"

அவுக ஒண்ணுமே பண்ணியிருக்க மாட்டாகளோ என்னமோ. தட்டு தனியாகுமா ஆகாதான்னு முன்கூட்டியே எப்பிடித் தெரியும்?

"லேப்டாப்ப வச்சுட்டுப் போம்மா. நான் கூப்புடுறேன்."

அவரு கூப்புட மாட்டாருன்னு படியெறங்கும்போதே தெரிஞ்சுச்சு.

ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கும்போது போன் அடிச்சுச்சு. ஆசுபத்திரியில நம்பர் வாங்கிக் கூப்புட்டது மலையம்மாள்.

"நீ முனியாயி மகளா?"

"ஆமாக்கா."

"ஒங்க வீட்டுத் தரையில ஒக்காந்து ஒங்க ஆத்தா விரல்ல குத்துனவடி நானு. அன்னைக்கு போன்ல குரல மாத்திப் பேசுனது நீதானா?"

"...ஆமாக்கா."

"என் மக கேக்குறா, 'ஏம்மா, நெசமாவே மாத்திக் குடுத்தியா'ன்னு. நாலு நாளா நானே என்னையக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன், ஒருவேள மனசுக்குள்ள ஏதும் இருந்து கை மாத்தித் தொட்டிருச்சோன்னு. அப்பிடியெல்லாம் யோசிக்க வச்சுட்ட. தெரிஞ்சுக்கிட்டு நீ அங்க குளு குளுன்னு ஒக்காந்திருந்திருக்க."

"மன்னிச்சிருங்கக்கா."

"அத வச்சு நான் என்ன செய்ய? டிவியில சொல்லிட்ட, ஏழு பேரு கேட்டாக. ஒங்க தெருவுல யாரு சொல்லுவா? நான் போயிச் சொன்னா நம்புவாகளா? செருப்பாலதான் அடிப்பாக." அதோட வச்சுட்டா.

சனிக்கெழம இசை ஊருக்குப் போனா. ஆரப்பாளையத்துல பஸ் ஏறி உசிலம்பட்டி தாண்டுறவரைக்கும், எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தா. ஒண்ணும் சரியா வரல. வீட்டுல அம்மாகிட்டத்தான் மொதல்ல சொன்னா. முனியாயி முழுசாக் கேட்டா. அப்பறம் எந்திரிச்சுப் போயி கதவச் சாத்திட்டு வந்தா.

"வாய மூடிக்கிட்டு இரு."

"அம்மா..."

"மூடிக்கிட்டு இருன்றேன்ல. இந்த வேலை போனா வேற வேலை. ஆனா இது வெளிய தெரிஞ்சா இந்தத் தெருவுல நாம தண்ணி புடிக்க முடியுமாடி? இருளாயி மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது? மலையம்மாளுக்கு என்ன, அவ அவுக ஆளு, அவள அவுக பாத்துக்குருவாக."

"அவுக பாத்துக்கிர மாட்டாகம்மா. அவுகளும் சேந்துதான் வையிறாக."

"அது அவ தலையெழுத்து." சொல்லிட்டு முனியாயி அழுக ஆரம்பிச்சுட்டா. அப்பா சுடலை வேலையில இருந்து வந்து, ரெண்டு பேரு மூஞ்சியயும் பாத்துட்டு, ஒண்ணும் கேக்காமப் படுத்துட்டாரு.

ஞாயித்துக்கெழம காலையில சமுதாயக் கூடத்துக்கு முன்னாடி சிவனாண்டியோட லோடு ஆட்டோ நின்னுச்சு. பத்துப் பன்னெண்டு பேரு. சிவனாண்டி ஆட்டோவோட பின்பலகைய எறக்கி விட்டு, அதுல பேப்பர வச்சு எழுதிக்கிட்டு இருந்தான். பக்கத்துல ஒரு ஸ்டூல்ல இருளாயி. ஆசுபத்திரியில இருந்து வந்தவ, ஆறு நாளா மாத்தாத சேலை.

"வாங்க ஆபீசரம்மா"ன்னான் சிவனாண்டி. "நல்ல நேரத்துக்கு வந்த. படிச்ச பிள்ள, இதுல தப்பு இருக்கான்னு பாரு."

இசை பேப்பர வாங்கல. "அண்ணே, மலையம்மாக்கா மேல எழுதாத. அவுக தப்பு இல்ல."

"பெறகு யாரு தப்பாம்?"

சொன்னா. கோர்வையா வரல, முன்னுக்குப் பின்ன வந்துச்சு. டேப்பு, லிஸ்ட்டு, ரெண்டு ஆண்டிச்சாமி, போன் வந்தது, எழுதி அழிச்சது. எங்கிட்டோ ஒரு மிக்ஸி ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

இருளாயிதான் கேட்டா. சத்தமில்லாமக் கேட்டா. "தெருவ எதுக்குத்தா எடுத்த?"

மதுரையில டாக்டர் கேட்டப்ப வாய் அடச்சுப் போச்சு. இங்க அப்பிடி இருக்க முடியாது. இங்க எல்லாருக்கும் பாதி சொன்னாலே புரியும். ஆனா பாதி சொல்லிட்டு விட்டா அது இன்னும் அசிங்கம்னு இசைக்குத் தோணுச்சு.

"காலனித் தெருன்னு போட்டிருந்துச்சு அத்தே. அம்மா பேருக்கு நேரா. ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாக. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

யாரும் வையல. அவ வைவாகன்னுதான் வந்தா. கல்ல எடுத்து எறிஞ்சாக்கூடத் தாங்கியிருப்பா. பத்துப் பன்னெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காம, வேற வேற பக்கம் பாத்துக்கிட்டு நின்னாக. ஓரமா நின்ன ஒருத்தரு பீடியக் கீழ போட்டு மிதிச்சாரு, அது அணைஞ்ச பெறகும் மிதிச்சுக்கிட்டே இருந்தாரு.

"வெக்கமா"ன்னா இருளாயி. கேள்வியாக் கேக்கல. சும்மா அந்த வார்த்தைய மட்டும் ஒருக்கா சொல்லிப் பாத்தா. "பதினெட்டு வயசுல வாக்கப்பட்டு வந்தேன் இந்தத் தெருவுக்கு. அந்த மனுசன் நேத்து என்னையப் பாத்து 'நீ எந்த ஊரும்மா'ன்னு கேக்குறாரு."

"அத்தே..."

"என்னைய அத்தேங்காத."

சிவனாண்டி பேனாவ மூடி, மறுபடியும் தொறந்தான். பேப்பர்ல மலையம்மாள்னு இருந்த எடத்துல கோடு போட்டான். ஒரு கோடு போட்டு, பத்தாம இன்னொரு கோடு போட்டான். அதுக்கு மேல காலியா கெடந்த எடத்தையே பாத்துக்கிட்டு நின்னான். "அப்ப இதுல யாரு பேர எழுத?"ன்னு பொதுவாக் கேட்டான். கேட்ட குரல்ல கோவம் இல்ல. ஒண்ணுமே இல்ல.

முனியாயி எப்ப வந்தான்னு தெரியல. கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்து மக கையப் புடிச்சு இழுத்தா. "எழுதாதப்பா சிவனாண்டி. சின்னப்பிள்ள, தெரியாமப் பண்ணிருச்சு. ஒன் கால்ல விழுறேன். வாடி வீட்டுக்கு."

இசைக்கு வீட்டுக்குப் போயிரணும்னுதான் இருந்துச்சு. போயி கதவச் சாத்திட்டுப் போத்திப் படுத்துக்கிரணும் போல இருந்துச்சு. ஸ்டேசன்ல என்ன பண்ணுவாக, அடிப்பாகளா, உள்ள வைப்பாகளா, ஒண்ணும் தெரியாது அவளுக்கு. அம்மா கைக்குள்ள இருந்து கைய உருவிக்கிட்டா.

"எழுதுண்ணே. இசைவாணி. அப்பா பேரு சுடலை."

சிவனாண்டி இருளாயியப் பாத்தான். அவ வேணாம்னு சொல்லல. முனியாயி ஆட்டோச் சக்கரத்துக்குப் பக்கத்துலயே தரையில ஒக்காந்துட்டா. அவன் குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தா எழுத ஆரம்பிச்சான்.